விட்டுப்போன ஒன்பது

தொழிலாளி எசக்கியப்பனின் கை சிக்கிய இயந்திரத்தின் மின்வரைபடத்தை விசாரணைக் குழு நாளைக்குக் கேட்டிருக்கிறது. கணினியில் திறந்து பார்த்தேன். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேக்களின் லேபிள் வரிசையில் கே8க்கு அடுத்து கே10 இருந்தது. இயந்திரத்தை அவசரமாக நிறுத்துகிற கே9ஐ வரைபடத்திலிருந்து யாரோ அழித்திருந்தார்கள்.

“நடுவுல ஒரு நம்பர் விட்டுப்போனா அசிங்கமா இருக்கும்லா ஜெசிந்தா. எல்லாத்துக்கும் மறுபடி வரிசையா நம்பர் போட்டுரும்மா,” என்றார் மேலாளர் வேதமுத்து. ஆறு வருடத்தில் அவர் வரைபடத்தின் அழகைப் பற்றிப் பேசியதே இல்லை.

மறுபடி எண் போடும் கட்டளையைக் கொடுத்தேன். ஓர் எண்கூட நகரவில்லை. கே10 முதல் கடைசிவரை எல்லா லேபிள்களும் மாற்றமுடியாதபடி பூட்டப்பட்டிருந்தன.

“யாரு பூட்டுனது?” என்றார்.

அறையிலிருந்த ஐந்து பேரும் அவரவர் திரையையே பார்த்தோம்.

யார் அழித்தது என்று அவர் இதுவரை கேட்கவில்லை.