நல்ல காலுக்கு என்ன வந்தது?

டெகன் ஆபரேஷன் ஆன இடது காலால் எம்பி, அதே காலில் போய் நின்றாள். டேப்பை வைத்து அளந்தேன். நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்.

"இப்ப நல்ல கால்."

வலது காலில் தாண்டினாள். நூற்று இருபத்து நாலு.

"அப்ப பாஸ்தானே, நெரிடா? சனிக்கிழமை ஃபைனல் ஆடலாமில்ல?"

கேட்டாளே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் பிசியோதெரபி விதி எளிது. தைத்த கால், நல்ல கால் தாண்டும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது தாண்ட வேண்டும். அதற்கு முன் நெட்பால் கோர்ட்டில் இறங்கினால், முட்டிக்குள் வைத்த புதுத் தசைநார் மறுபடி அறுந்துபோகலாம். பதினேழு வயதில் இரண்டாம் தடவை அறுந்தால், ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

எட்டு மாதமாக இந்தக் காலோடு மல்லுக்கட்டுகிறேன். ஆபரேஷன் முடிந்து வந்த வாரம் தொடைத் தசை செத்த மாதிரி கிடந்தது. முட்டிக்கு அடியில் சுருட்டின துண்டை வைத்து, "அமுக்கு, அமுக்கு" என்று நான் கத்த, தசை துடிக்கக்கூட இல்லை. பிள்ளை அழுதேவிட்டாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, படி ஏறி இறங்கி, ஒற்றைக் காலில் குந்தி எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மீட்ட கால்.

ஆனால் எனக்கு இடித்தது நல்ல கால்தான். ஆபரேஷனுக்கு முன்பே அதை அளந்து எழுதிவைப்பது என் வழக்கம். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். நூற்று ஐம்பத்தொன்று!

"ஏன்டி, கத்தி வச்சது இடது கால்ல. வலது காலுக்கு என்ன வந்துச்சு? இருபத்தேழு சென்டிமீட்டரைக் காணோம்?"

கதவுப் பக்கம் பார்த்தாள்.

"வேணும்னே குறைச்சுத் தாண்டியிருக்க. என்னை ஏமாத்தலாம், உன் முட்டியை ஏமாத்த முடியுமா? சனிக்கிழமை கிடையாது. இன்னும் ரெண்டு மாசம்."

எனக்குக் கோபமான கோபம். அதைவிட வருத்தம், இவள் லியானின் மகள் என்பதில்.

லியான்தான் டீமுக்குக் கோச். 'முட்டி முதலில், கோப்பை பிறகு' என்று கிளப் வாசலில் போர்டு எழுதி மாட்டியவள். விம்மெராப் பக்கம் நாலு ஊரிலும் அவளுக்கு அதனால் நல்ல பெயர். போன மாசம் கிளப் விருந்தில் நானே மேடையேறிப் பாராட்டினேன்.

வெளியே காத்திருந்தவளை உள்ளே கூப்பிட்டேன். மகளின் திருட்டுத்தனத்தைச் சொல்ல மனசு வரவில்லை.

"டெகன் தேறல, லியான். ஃபைனல் ஆட முடியாது."

லியான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நீ சொன்னா சரி, நெரிடா. கப் போனாப் போகட்டும். நான் முதல்ல அம்மா, அப்புறம்தான் கோச்."

என்னைக் கட்டிப்பிடித்து நன்றி வேறு சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தாய்க்கு இப்படி ஒரு பெண்ணா!

இருவரும் போனார்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கார் கதவு அறைந்து சாத்துகிற சத்தம். கூடவே லியானின் குரல்.

"பத்து நாளா கராஜ்ல கோடு போட்டுப் பழக்கினேனேடி! நல்ல காலை நூத்தி இருபதோட நிறுத்துன்னா, அதைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியாதா உனக்கு?"