குளிர்ந்த விரல்கள்

சாயும் வெயில் இடுப்பளவுக் கடல்நீரில் தகடு தகடாக மிதக்கிறது. காலையிலிருந்து ஆறு பேருக்குப் கடலடிப் பவளப்பாறையைக் காட்டிவிட்டு வந்த இளம் முக்குளிப்புப் பயிற்சியாளனின் உதடுகள் வெளுத்திருக்கின்றன. முதுகில் காற்று உருளையோடு ஏழாவது ஆளாக நிற்கும் பெண், இரண்டு முறை முகத்தை நீரில் வைத்து, இரண்டு முறையும் பதறி எழுந்துவிட்டாள். "முடியாது தம்பி. ஐம்பது வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆசை?" "மீனுங்க வயசு கேக்காதுக்கா. மூக்கை மறந்துட்டு வாயால மூச்சு விடுங்க. கையை நான் விடமாட்டேன்." சொல்லும்போதே அவன் பல் தந்தியடிக்கிறது. அவள் அப்போதுதான் அந்தக் கையைப் பார்க்கிறாள். ஊறிச் சுருங்கிய விரல்கள் நடுங்குகின்றன. இவனை இன்னும் எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? "ஆண்டவனே" என்று முணுமுணுத்து, காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்துகிறாள். கரையின் இரைச்சல் அடங்கி, குமிழிகளின் ஓசை மட்டும் கேட்கிறது. அவன் மெல்ல இழுத்துச் செல்ல, மஞ்சள் மீன்கள் விலகி வழிவிடுகின்றன. அவற்றைப் பார்த்தபடியே, அவன் விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே போகிறாள்.