பரிதானம் சார்

டாஷ்போர்டின் மேலிருந்த டப்பாவை அந்தப் பெண் ஒற்றை விரலால் மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள். மூடி இறுக்கமாக மூடியிருந்தது.

“முதல்ல இதை வாங்கிக்குங்க சார். அப்புறம் வண்டியை எடுக்கிறேன்.”

பக்கத்து சீட்டிலிருந்த டிரைவிங் டெஸ்ட் அதிகாரியும் ஒற்றை விரலால் அதைத் திருப்பித் தள்ளினார். “டெஸ்ட் முடியிற வரைக்கும் யார் கையிலயிருந்தும் எதையும் வாங்கறதில்லை. பரிதானம்!”

லஞ்சம் என்ற சொல் அவர் வாயில் வராது. வேதாகமத்தில் படித்த சொல்தான் வரும், அதுவும் கார்க் கண்ணாடி அதிரும்படி வரும். அதனால் லைசென்ஸுக்கு வருகிறவர்களெல்லாம் அவருக்கு வைத்த பெயர் பரிதானம் சார். இன்னொரு அதிகாரி லீவு போட்டதால்தான் அவள் இவரிடம் வந்து மாட்டிக்கொண்டாள்.

“உள்ள என்னன்னுகூடப் பார்க்கலியே சார்?”

“பார்த்தா ஆசை வரும். வண்டியை எடுங்க.”

அந்த நேரம் பார்த்து அவர் வயிறு சத்தம் போட்டது. இரண்டு பேரும் காதில் விழாதது மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

வளைவுகளில் வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அவள் வாயும் சும்மா இருக்கவில்லை.

“இன்னைக்கு பாஸானாத்தான் சார் பேக்கரி வேன் ஓட்டுற வேலை எனக்கு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. எங்க வீட்டுக்காரர் சம்பளம் பாதி மாசத்துலயே மூச்சு வாங்குது.”

“மேல்வரும்படி ஏதும் இல்லையோ?”

“அந்த மனுஷனா? பிழைக்கத் தெரியாதவர் சார்.”

“நல்லவர் மாதிரி தெரியுது.”

“நல்லவர்தான். கூட இருந்து பார்த்தாத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.”

அதிகாரிக்கு இருமல் வந்துவிட்டது.

கடைசியாக மேடு. ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, பின்னால் நகராமல் வண்டியை எடுக்க வேண்டும். அவள் நிறுத்தினாள், ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். அங்கேதான் பழக்கதோஷம் வேலையைக் காட்டியது. ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் விட்டுவிட்டுக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கர்த்தாவே, எங்க போக்கையும் வரத்தையும் நீரே காத்துக்கொள்ளும்.”

அவரும் தன்னையறியாமல் தலைகுனிந்து கண்ணை மூடினார். இருவரும் சேர்ந்து “ஆமென்” சொல்லி முடிப்பதற்குள் ‘டொக்’ என்றது. வண்டி போக்கை மறந்துவிட்டு வரத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்த அடையாளக் கம்பத்தைச் சாய்த்திருந்தது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கண் செல்போனில் இருந்தது.

“யாரும் பார்க்கலை சார்.”

“மேல ஒருத்தர் பார்த்தார்.”

“அவர்கிட்டதானே பேசிக்கிட்டிருந்தேன்! நீங்களும்தானே கண்ணை மூடினீங்க?”

“நான் வண்டி ஓட்டலை.”

“கிருபைன்னு ஒண்ணு இல்லையா சார்?”

“அதை அவர்கிட்ட கேளுங்க. எங்கிட்ட இருக்கிறது மார்க்குதான்.”

சொல்லிவிட்டாரே தவிர, பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. ஒரு டிக் போட்டால் போதும், பேக்கரி வேலை கிடைத்துவிடும். அந்த வேலை ஒரு வாரம்கூடக் காத்திருக்காது என்பது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

அவள் முகத்தைப் பார்க்காமல் ‘தேர்ச்சி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. இறங்கிப் போய்க் கம்பத்தை நிமிர்த்தி வைத்தாள். பிறகு அவர் பக்கத்து ஜன்னலில் வந்து குனிந்தாள்.

“டெஸ்ட் முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுது.”

“கையெழுத்து?”

“போட்டாச்சு.”

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“அப்போ சாப்பிடுங்க, பிழைக்கத் தெரியாதவரே! காலையில வீட்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்க.”