எக்ஸ்ரேயில் ஒரு சொட்டு

ஆய்வகத்தில், உடைத்த செல்களின் கூழைச் சவ்வில் வடிகட்டியதும், இறங்கிய தெளிந்த நீரில் நொதி இருக்கிறதா என்று பார்க்க வெண்ணிலா பழைய எக்ஸ்ரே படம் தேடினாள். நொதி இருந்தால் படத்தின் கறுப்புப் பூச்சைத் தின்றுவிடும். ஆஸ்பத்திரி கழித்துக் கொடுத்தவை தீர்ந்திருந்தன. உடன் வேலை பார்க்கும் ஜெபராஜின் இழுப்பறையில் ஒன்று கிடந்தது. ஒரு சொட்டு விட்டாள். சில நிமிடங்களில், விலா எலும்புகளுக்கு நடுவே கண்ணாடிபோல ஓட்டை விழுந்தது.

"ஜெபா, வந்துடுச்சு!"

ஓடிவந்தவன் படத்தின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்து பார்த்தான்.

"இது எங்கம்மா."

"எக்ஸ்ரேதானே..."

"சாகுறவரைக்கும் அவங்க வேற படமே, ஒரு போட்டோகூட, எடுத்துக்கிட்டதில்ல."

அவள் பதறித் துணியை எடுத்தாள்.

"துடைக்காத! தொட்டா பூச்சு மொத்தமும் வழிஞ்சு வந்துடும்."

துணி அவள் கையிலேயே நின்றது. இத்தனை மாதம் சிக்காத நொதி, இதயத்தின் வெள்ளை நிழலை நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது.