மாமி தூங்கணும்

"இதோ பார் நீரஜா, இந்த லீவு முடியறவரைக்கும் மத்தியானத்துல ஒரு குழந்தையோட குரல் கேட்டாலும் சரி, நீ வேற வீடு பாத்துண்டு கெளம்பிடணும். அப்புறம் மாமா சொல்லலைன்னு சொல்லாதே!"

வீட்டுக்காரர் சுப்பராமன் மாமா சொன்னால் சொன்னதுதான். அபிராமபுரத்தில் அவருடைய அந்த ஒரே காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம், ஏழு குழந்தைகள். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே பம்பரமும் கிட்டிப்புள்ளும் கூச்சலுமாக வாசலை அமர்க்களப்படுத்திவிட்டார்கள். கூட்டத்துக்குத் தலைவன் நீரஜாவின் பிள்ளை பத்ரி. அதனால்தான் எச்சரிக்கை அவளுக்கு மட்டும்.

இந்த வாடகைக்கு, பள்ளிக்கூடம் இவ்வளவு பக்கத்தில், வேறு வீடு கிடைக்குமா? கனவில்கூடக் கிடைக்காது.

"எனக்காகச் சொல்லலை" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "விசாலம் பாவம். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஒழைக்கறா. சாப்பிட்டப்புறம் சித்த நேரமாவது கண்ணசர வேண்டாமா? மாமி தூங்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

உள்ளேயிருந்து விசாலாக்ஷி மாமி முகமெல்லாம் பெருமையாக எட்டிப் பார்த்தாள். "இவர் எப்பவும் இப்படித்தான் நீரஜா. நான் தூங்கறச்சே ஈ பறந்தாக்கூட இவருக்குப் பொறுக்காது."

நீரஜாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவள் கணவர், அவள் கண்ணை மூடிய நிமிஷம் பார்த்துத்தான் தைலம் எங்கே என்று கேட்பார்.

"கவலையை விடுங்கோ மாமா. சத்தம் வராது. நான் பொறுப்பு" என்றாள்.

"ஏழும் வாலில்லாத வானரம். எப்படிம்மா அடக்குவே?"

"அடக்கப்போறதில்லை மாமா. பாடம் சொல்லிக் கொடுக்கப்போறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் சயன்ஸ் டீச்சராக இருந்தவள் அவள். குழந்தைகளை மிரட்டினால் பத்து நிமிஷம் சும்மா இருப்பார்கள், வேலை கொடுத்தால் நாள் முழுக்கச் சும்மா இருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே ஏழு பேரையும் கிணற்றடியில் கூட்டினாள்.

"ஆளுக்கு ஒரு பிராணி. இந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்கிறதா இருக்கணும். அது எங்க போறது, என்ன திங்கறது, எப்படி நடக்கறது, எல்லாம் மத்தியானத்துல ஒளிஞ்சு நின்னு கவனிக்கணும். சத்தம் போட்டா அது ஓடிப்போயிடும். அப்புறம் உங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது."

"எழுதணுமா அத்தை?" என்றாள் ஜெயபாரதி, சந்தேகமாக. பின்கட்டு முத்துலட்சுமியின் எட்டு வயசுப் பெண்.

"ஒரு எழுத்து எழுத வேண்டாம். லீவு கடைசி நாள் எல்லார் முன்னாடியும் வாயால சொல்லணும். நன்னா சொல்றவாளுக்கு ஐஸ்கிரீம்."

அவ்வளவுதான். மத்தியானம் ஆனால் அந்தக் காம்பவுண்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்றே சந்தேகம் வந்துவிடும். பத்ரி எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தான். இரண்டு பேர் மதில் மேல் அணிலுக்காகத் தவம். ஜெயபாரதி மட்டும் மாமா வீட்டுச் சமையலறை ஜன்னல் பக்கம் அரளிச் செடிக்குப் பின்னால் ஆணி அடித்தாற்போல் நின்றாள். என்ன பிராணி என்று நீரஜா கேட்டதற்கு, "சொல்ல மாட்டேன் அத்தை. கலைஞ்சிரும்" என்று உதட்டில் விரல் வைத்துவிட்டாள்.

பூனையாக இருக்கும் என்று நீரஜா விட்டுவிட்டாள்.

லீவின் கடைசி நாள் சாயங்காலம் வாசலில் கூட்டம். தலைமை சுப்பராமன் மாமா, பக்கத்து நாற்காலியில் மாமி. நாளைக்கு வீடு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

"இதுவரைக்கும் பரவாயில்லை" என்றார் மாமா, பிடி கொடுக்காமல். "கூட்டம் முடியட்டும், சொல்றேன்."

பத்ரி எறும்பைப் பற்றி வெளுத்து வாங்கினான். அணில்காரர்களுக்கும் கைதட்டல். நீரஜாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. கடைசியாக ஜெயபாரதி பாவாடையை நீவிக்கொண்டு எழுந்தாள்.

"நான் கவனிச்ச பிராணி மத்தியானம்தான் வெளிய வரும். சத்தமே இல்லாம நடக்கும். நடுநடுவுல நின்னு காது குடுத்துக் கேக்கும்."

"பூனை!" என்று தொடையைத் தட்டினார் மாமா.

"இல்ல மாமா. அது சமையக்கட்டுக்குள்ள போயி வெல்ல டப்பாவத் தொறக்கும். பெரிய கட்டியாப் பாத்து எடுத்து வாயில போட்டுக்கும்."

மாமாவின் கைவிசிறி நின்றது.

"அப்போ எலிதான்!" என்றாள் மாமி. "வெல்லம் கொறையறதேன்னு நானும் பாத்துண்டிருக்கேன்."

"எலி இல்ல மாமி. தின்னுட்டு டப்பாவ நல்லா மூடி வச்சிரும். வாயத் தொடச்சிக்கிட்டு, நீங்க முழிச்சிட்டீங்களான்னு எட்டிப் பாத்துட்டு, ஈஸிசேர்ல வந்து படுத்துக்கிடும்."

நீரஜா அவசரமாக ஜெயபாரதியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். போச்சு, வீடு போச்சு!

மாமா துள்ளி எழுந்தார். "இதெல்லாம் ஒரு பாடமா? நீரஜா, நாளைக்கே நீ வீட்டை..."

"உக்காருங்கோன்னா!"

மாமி போட்ட அதட்டலில் மதில் மேலிருந்த காக்கை பறந்தது.

"டாக்டர் மாத்திரைக்கு மேல மாத்திரை குடுத்தும் ஒங்களுக்குச் சர்க்கரை எறங்கலையேன்னு நான் வேண்டாத தெய்வமில்லை. 'விசாலம் தூங்கணும், விசாலம் தூங்கணும்'னு ஊரையே வாயை மூட வெச்சது இதுக்குத்தானா?"

மாமா நாற்காலியில் மெதுவாக அமர்ந்தார். மாமி நீரஜாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ எங்கேயும் போக வேண்டாம்டீம்மா. ஸ்கூல் தெறந்தாலும் சனி, ஞாயிறு இந்தப் பாடத்தை மட்டும் நிறுத்திடாதே. அந்தப் பிராணியை இன்னும் கொஞ்ச நாள் கவனிக்கணும்."