சரசுவின் காட்டுப் புல்

செங்கோடன் தன் கடைசிக் கோடை முழுக்கச் செம்மறி ஆடுகளைப் பக்கத்து மேய்ச்சல் காட்டுக்காரி சரசுவின் மொட்டைத் தரையில்தான் பட்டி போட்டு அடைத்தான். ஆடு மிதித்து மண் இளகி, புழுக்கையோடு விதையும் விழுந்தால் புல் தானே வரும் என்பான். "நம்ம காட்டுக்கு?" என்று மனைவி பாவாத்தாள் கேட்டதற்கு, "நம்முளுதுல இன்னும் நாலு புல்லு கெடக்குதே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான்.

அடுத்த வருசத்துக்கு அவன் இல்லை. மழை பெய்ததும் சரசுவின் காட்டில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் எழுந்து கதிர் பிடித்தது. பாவாத்தாளின் காட்டில் இருந்ததையும் ஆடுகள் வேரோடு கரண்டியிருந்தன. ஒரு மத்தியானம் அவள் சரசுவின் வேலிப் படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விட்டாள்.

சரசு ஓடி வந்தாள். "இப்ப உடாதீங்கக்கா. விதை உழுந்தாத்தான் காடு முச்சூடும் புடிக்கும்னு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க."

"எங்கிட்டச் சொல்லாததையெல்லாம் உங்கிட்டச் சொல்லீருக்கறாரு."

சரசு படலில் கை வைத்தாள். பிறகு, "சரி, மேயட்டுங்க. உங்க ஆட்டுனால வந்த புல்லுத்தானுங்களே" என்று படலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டாள்.

அந்தத் தாராளத்தைத்தான் பாவாத்தாளால் பொறுக்க முடியவில்லை. ஆடுகள் தலை தூக்காமல் மேய்ந்தன. அவன் கடைசியாகச் செய்த வேலை நறுக் நறுக்கென்று தீர்ந்துகொண்டிருந்தது. அவள் பாய்ந்து ஒரு கிடாயின் வாய்க்குள் விரலை விட்டு, பாதி மென்ற கதிரை இழுத்தெடுத்தாள்.

"அதை இங்கயே உதுத்துடுங்கக்கா" என்றாள் சரசு.

பாவாத்தாள் கையை இறுக மூடிக்கொண்டாள்.