உள்ளங்காலில் ஒரு கறுப்பு

அளவெடுத்து முடித்த பிறகும் அந்த ஆள் டீச்சரின் பாதத்தை விடவில்லை.

செருப்புக் கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. காலை வெடுக்கென்று இழுத்தாள். விற்பனையாளரின் பிடி இன்னும் இறுகியது.

“இந்தக் கறுப்பு எத்தனை நாளா இருக்கு மேடம்?”

“அது மச்சம். காலை விடுங்க!”

“ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருக்கே. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் மை மாதிரி. பெருசாகிட்டே வருதா?” குனிந்த தலையை அவர் நிமிர்த்தவேயில்லை. “என் வீட்டுக்காரிக்கும் இதே இடம்தான். கால் ஆணின்னு நெனச்சு விட்டுட்டோம். தெரிஞ்சப்புறம் ஆறு மாசம்தான் இருந்தா.”

“சார், இங்க வாங்க!” என்று டீச்சர் கத்தினாள். “உங்க ஆள் என்னன்னா...”

கல்லாவிலிருந்து ஓடிவந்த முதலாளி அவளைச் சொல்லி முடிக்க விடவில்லை. அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? இன்னையோட உனக்கு இங்க வேலை இல்ல. போ வெளிய!”

விற்பனையாளர் வாசலில் நின்று திரும்பினார். “வலிக்காது மேடம். அதனாலதான் யாரும் போய்க் காட்டறதில்ல.”

அந்தக் குரல் அவளை விடவில்லை. குளிக்கும்போது கேட்டது, கரும்பலகையில் எழுதும்போது கேட்டது. செத்துப்போன அந்தப் பெண்ணை அவள் பார்த்ததேயில்லை. ஆனாலும் பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும்போதெல்லாம், யாரோ ஒருத்தி காலை இழுத்து இழுத்துப் பின்னால் வருவது போலிருந்தது.

பதினோராம் நாள் தோல் டாக்டரிடம் போனாள். துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள்.

“மெலனோமா. தோல்ல வர்ற புற்றுநோய்” என்றார் டாக்டர். “நல்லவேளை, ஆழமாப் போகல. வெட்டி எடுத்துடலாம். அப்புறமும் விடாம செக்கப்புக்கு வரணும். ஆமா, உள்ளங்காலைப் பாத்து யாரு சொன்னா?”

“செருப்புக் கடையில ஒருத்தர்” என்றாள் டீச்சர்.

அறுவை முடிந்து, கட்டுப் போட்ட காலோடு, கோலூன்றிக் கடைக்குப் போனாள்.

“அவரைத் திரும்பக் கூப்பிடுங்க சார். அன்னைக்கு நான் கத்தியிருக்கக் கூடாது. என்னாலதானே அவர் வேலை போச்சு?”

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, தன் இடது கால் ஷூவின் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார்.

“உங்களால இல்லம்மா. ஒரு வருஷமா என் காலைப் பாத்தும் அவன் இதையேதான் சொல்லிட்டிருந்தான்.”